50 டன் கிரேன் எல்லா நிலையிலும் 50 டன் தூக்கிவிடாது
கிரேன் நிற்கும் தம் பணியிடப் படத்தைப் பகிர்ந்த நண்பர், 50 டன் கிரேன் என்றால் பூம் (சுமையைத் தூக்கும் நீள்கை) எவ்வளவு நீண்டிருந்தாலும் 50 டன் தூக்கும் என்று எழுதியிருப்பது சரியன்று. அந்த எண், அவுட்ரிகர்கள் (வண்டி சாயாமல் பக்கவாட்டில் நீளும் தாங்குகால்கள்) முழுதும் விரிந்து, பூம் சுருங்கிய நிலையில், கிரேன் சுழலும் மையத்திலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர் தொலைவில் தூக்கும்போதுதான் பொருந்தும். கொக்கி அந்த மையத்திலிருந்து 12 மீட்டர் தள்ளிப் போனாலே அதே வண்டியின் திறன் பெரும்பாலும் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதிலிருந்தும் கொக்கி பிளாக் (கொக்கியும் கப்பியும் சேர்ந்த தொகுதி), ஸ்லிங் (சுமையைக் கட்டும் கயிறு அல்லது பட்டை), ஷாக்கில் (இணைப்பு வளையம்) ஆகியவற்றின் எடையைக் கழிக்க வேண்டும் (அனுபவசாலிகளே மறப்பது இதைத்தான்). தவிர, படத்தில் இடப்பக்க அவுட்ரிகர் சுவரோரம் பாதியளவே நீண்டிருப்பதால், கேபினில் உள்ள லோடு சார்ட்டில் (எந்த நிலையில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணையில்) முழு விரிப்புக்கான பக்கத்தை அங்கே பார்க்கவே கூடாது.