செல்டிக் வாரியர்ஸ்: ஊர்ப் பெயர் இல்லாத அணி

வேல்ஸில் இருக்கும் நான்கு தொழில்முறை ரக்பி அணிகளை மூன்றாகக் குறைக்கப் போவதாக அங்கே அந்த ஆட்டத்தை நிர்வகிக்கும் அமைப்பான வேல்ஸ் ரக்பி யூனியன் 2025 அக்டோபரில் அறிவித்ததிலிருந்து, கார்டிஃபில் நான் வேலை பார்க்கும் இடத்தில் தேநீர் நேரப் பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றித்தான். நான்கு அணிகளுக்குப் பணம் போதாது, மூன்று இருந்தால் மூன்றும் வலுவாக இருக்கும் என்பது ஒரு சாரார் வாதம். கேட்பதற்குக் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே யூனியன் 2004இல் ஐந்தை நான்காக்கியபோதும் இதே கணக்கைத்தான் சொன்னது. அப்போது மூடப்பட்ட செல்டிக் வாரியர்ஸ் அணியின் கதையை அறிந்தவர்கள் இந்தக் கணக்கை இவ்வளவு சுலபமாக ஏற்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் பின்னணி. ரக்பியின் இரண்டு வகைகளில் ஒன்றான ரக்பி யூனியன் ஆட்டத்தில் வீரர்களுக்கு வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கலாம் என்ற முடிவு 1995இல்தான் வந்தது. வேல்ஸில் அதுவரை ஊர்க் கிளப்புகளே எல்லாம். சம்பளக் காலம் வந்ததும் அந்தக் கிளப்புகள் உள்ளூர்ச் செல்வந்தர்களின் கையை எதிர்பார்க்கத் தொடங்கின. யூனியனோ 1999இல் திறந்த மில்லேனியம் ஸ்டேடியத்தின் கடனைச் சுமந்துகொண்டிருந்தது. ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியில் 2003இல் வேல்ஸ் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது, இத்தாலியிடம்கூடத் தோற்றது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விளையாட்டு நிர்வாகம் பார்த்துவிட்டு இங்கே தலைமை நிர்வாகியாக வந்த டேவிட் மாஃபெட், அயர்லாந்தின் மாகாண அணிகளைப் போல இங்கேயும் வட்டார அணிகள் வேண்டும் என்றார். ஒன்பது கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம் எந்தக் கிளப்புக்கும் பற்றாது என்று அவர் சொன்னதில் தவறில்லை. மாற்றம் வேண்டியிருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை.

மாற்றம் நடந்த விதத்தில்தான் சிக்கல். நீண்ட இழுபறிக்குப் பிறகு 2003இல் ஐந்து அணிகள் என்று முடிவாயிற்று. கார்டிஃபும் லனெல்லியும் யாருடனும் சேராமல் தனித்தே நின்றுகொண்டன. நீத்தும் ஸ்வான்சியும் சேர்ந்து ஆஸ்ப்ரேஸ் ஆயின. நியூபோர்ட்டும் எபு வேலும் சேர்ந்து டிராகன்ஸ் ஆயின. கேர்ஃபிலிக்கு எங்கும் இடமில்லை. மிஞ்சிய பான்டிப்ரீத்தும் பிரிட்ஜெண்டும் இணைந்து செல்டிக் வாரியர்ஸ் ஆயின. மிஞ்சியவை என்று எழுதும்போதே உறுத்துகிறது, ஏனென்றால் இரண்டுமே நொந்துபோன கிளப்புகள் அல்ல. இணைப்புக்கு முந்தைய 2002–03 பருவத்தின் லீக் சாம்பியன் பிரிட்ஜெண்ட்தான். பான்டிப்ரீத் 1996இலும் 2002இலும் வேல்ஸ் கோப்பையை வென்றது; 1997இல் லீக் பட்டத்தையும் வென்றது. சர்வதேச ஆட்டங்களில் 1,000 புள்ளிகளை முதன்முதலில் எட்டிய நீல் ஜென்கின்ஸ் அந்தக் கிளப்பில் உருவானவர். பான்டிப்ரீத்தின் சார்டிஸ் ரோடு மைதானத்துக்கு 'வலியின் வீடு' என்று பட்டப் பெயர். அங்கே விளையாட வரும் அணிகள் வைத்த பெயர் அது என்று சொன்னாலும் நம்பிவிடலாம்.

இந்த இரண்டு ஊர்களையும் வரைபடத்தில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். காரில் போனால் அதிக நேரம் ஆகாது. ஆனால் பான்டிப்ரீத்தில் ரயில் ஏறி பிரிட்ஜெண்ட் போக வேண்டுமென்றால், தெற்கே கார்டிஃப் வரை இறங்கிவந்து, அங்கே வண்டி மாறி, மறுபடி மேற்கே போக வேண்டும். தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குகள் விரல்களைப் போல வடக்கிலிருந்து தெற்காக இறங்குகின்றன. நிலக்கரி அந்த வழியாகத்தான் துறைமுகத்துக்கு இறங்கியது என்பதால் தண்டவாளமும் சாலையும் அப்படியே அமைந்தன. ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அண்டை வீட்டுக்காரர் அல்ல, போட்டிக்காரர். பான்டிப்ரீத்தை ஒட்டிய ரோந்தா பள்ளத்தாக்கின் கடைசிச் சுரங்கமான மேர்டி 1990இல் மூடப்பட்ட பிறகு, ஊர் என்று மார்தட்டிக்கொள்ள அந்த மக்களுக்கு மிச்சமிருந்தவற்றில் ரக்பி கிளப்பும் ஒன்று. தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஆட்டம் பார்த்த இரண்டு கூட்டங்களை ஒரே கொடியின் கீழ் நிற்கச் சொல்வது முடியாத காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குக் காலம் வேண்டும். கொடுக்கப்பட்டது ஒரே ஒரு பருவம்.

பெயரைக் கவனியுங்கள். மற்ற நான்கு அணிகளும் தொடக்கத்தில் கார்டிஃப், லனெல்லி, நீத்–ஸ்வான்சி, நியூபோர்ட் குவெண்ட் என்று ஏதோ ஒரு மண்ணின் பெயரைத் தாங்கியிருந்தன. இந்த அணிக்கு மட்டும் எந்த ஊரும் இல்லை. இரண்டு ஊர்களில் எதன் பெயரை முன்னால் வைப்பது என்ற தகராறைத் தவிர்க்க நினைத்திருக்கலாம். விளைவு, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயர். இரண்டு ஊர் மைதானங்களிலும் ஆடும் அணி என்ற பேச்சு இருந்தாலும், ஆட்டங்கள் பெரும்பாலும் பிரிட்ஜெண்டின் ப்ரூவரி ஃபீல்டில்தான் நடந்தன. பான்டிப்ரீத்காரர்களில் பலர் அங்கே போகவில்லை. கூட்டம் குறைவு என்று பிற்பாடு காட்டப்பட்ட காரணத்துக்கு விதை இங்கேதான் போடப்பட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் அணி நன்றாக ஆடியது என்பதுதான் வயிற்றெரிச்சல். லின் ஹவல்ஸ் பயிற்சியில் அந்த ஒரே பருவத்தில், வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து அணிகள் ஆடும் செல்டிக் லீக்கில் நான்காம் இடம். ஐரோப்பியக் கிளப்புகளுக்கான ஹெய்னகன் கோப்பையில் லண்டன் வாஸ்ப்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 14–9 என்று தோற்கடித்தது. அதே வாஸ்ப்ஸ்தான் 2004 மே 23 அன்று இறுதி ஆட்டத்தில் துலூஸ் அணியை வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனது. சாம்பியனை அதன் வீட்டுக்கே போய் வீழ்த்திய செல்டிக் வாரியர்ஸ், அடுத்த பத்து நாள்களுக்குள், ஜூன் 1 அன்று, கலைக்கப்பட்டது.

கலைத்தது எப்படி? அணியில் ஆளுக்குப் பாதி என்று இரண்டு கிளப்புகளுக்கும் பங்கு இருந்தது. பான்டிப்ரீத் கடனில் சிக்கியபோது அதன் பாதி, பிரிட்ஜெண்டின் புரவலரான லெய்டன் சாமுவேலின் கைக்கு வந்து, அங்கிருந்து யூனியனிடம் போயிற்று. பிறகு 2004இல் சாமுவேல் தம்முடைய பாதியையும் 12.5 லட்சம் பவுண்டுக்கு யூனியனிடமே விற்றார். முழு அணியும் கைக்கு வந்ததும் யூனியன் அதை மூடியது. சட்டப்படி இதில் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஆனால் 2003இல் பள்ளத்தாக்கு மக்களிடம் இது உங்கள் வட்டாரத்தின் அணி என்று சொன்னார்கள். 2004இல் பார்த்தால் அது கைமாற்றத்தக்க இரண்டு பங்குப் பத்திரங்களாக இருந்தது. என் கோபம் தனியொருவர் மீது அல்ல. வட்டாரத்தின் அணி என்று பெயர் சூட்டிவிட்டு, வட்டாரத்துக்கு ஓர் ஓட்டுகூட வைக்காத ஏற்பாட்டின் மீது.

வீரர்களை மற்ற நான்கு அணிகளும் பங்கு பிரித்துக்கொண்டன. முன்வரிசையின் நடுவில் ஆடும் ஹூக்கர் மெஃபின் டேவிஸை யாரும் எடுக்கவில்லை. அவர் அப்போது வேல்ஸ் நாட்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். நாட்டுக்கு ஆடுகிறவருக்கு உள்நாட்டில் நான்கு பந்தியிலும் இலை விழவில்லை. நீத் கிளப்பில் பகுதிநேர வீரராக ஆடிவிட்டு, கடைசியில் இங்கிலாந்தின் குளொஸ்டர் அணியில் சேர்ந்தார்.

இந்த இடத்தில் என் அலுவலக நண்பர்கள் 2005ஐக் கொண்டுவருவார்கள். நான்கு அணிகளாக்கிய மறு வருடமே வேல்ஸ் 1978க்குப் பிறகு முதன்முறையாகக் சிக்ஸ் நேஷன்ஸில் எல்லா ஆட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம் அடித்ததே, அதற்கென்ன பதில் என்று கேட்பார்கள். அந்தக் கடைசி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2005 மார்ச் 19, கார்டிஃப், எதிரணி அயர்லாந்து, முடிவு 32–20. வேல்ஸ் அன்று இரண்டு டிரை (எதிரணியின் கோட்டுக்குள் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) வைத்தது. முதலாவது, அயர்லாந்தின் ரோனன் ஓகாரா உதைத்த பந்தைப் பாய்ந்து மறித்து, அதைக் காலால் தட்டிக்கொண்டே ஓடிக் கோட்டுக்குள் விழுந்த கெத்தின் ஜென்கின்ஸுடையது. இரு அணியினரும் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரத்தை முன்வரிசையில் தாங்கும் கனத்த ப்ராப் வீரர் ஒருவர் அப்படி ஓடுவதை நான் இன்றும் அலுக்காமல் பார்ப்பேன். இரண்டாவது கெவின் மோர்கனுடையது. இருவரும் முந்தைய வருடம் வாரியர்ஸ். அன்று தொடக்கப் பதினைந்தில் இருந்த மெஃபின் டேவிஸ், பிரெண்ட் காக்பெய்ன், ராபர்ட் சிடோலி, ரையன் ஜோன்ஸ் ஆகியோரும் வாரியர்ஸ். காயத்தால் அன்று ஆட முடியாமல் போன கேப்டன் கேரத் தாமஸும் வாரியர்ஸிலிருந்து துலூஸுக்குப் போனவர். ஆக, மூடியதன் பலன் என்று காட்டப்படும் வெற்றியில் மூடப்பட்ட அணியின் ஆட்கள் தொடக்கப் பதினைந்தில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களை வளர்த்தது நான்கு அணித் திட்டம் அல்ல, அதற்கு முந்தைய ஊர்க் கிளப்புகள். விளைந்ததை அறுத்தவர்கள் விதைத்தவர்களின் வரப்பை வெட்டிவிட்டார்கள்.

பிறகு பான்டிப்ரீத் பக்கம் கார்டிஃபின் எல்லைக்குள்ளும் பிரிட்ஜெண்ட் பக்கம் ஆஸ்ப்ரேஸின் எல்லைக்குள்ளும் காகிதத்தில் சேர்க்கப்பட்டன. காகிதம் சொன்னதை மக்கள் கேட்கவில்லை. பான்டிப்ரீத் கிளப் இரண்டாம் நிலை லீக்கில் 2012 முதல் 2015 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றது. அதற்கு மேலே ஏறுவதற்கு ஏணி இல்லை. (ப்ரூவரி ஃபீல்டுக்குப் பின்னர் செல்டிக் க்ரூசேடர்ஸ் என்ற அணி வந்தது; அது ஆடியது ரக்பியின் மற்றொரு வகையான ரக்பி லீக். அதன் பெயரிலும் ஊர் இல்லை. அதுவும் ரெக்ஸமுக்கு இடம்பெயர்ந்து 2011இல் முடிந்துபோயிற்று.)

எனவே இப்போது நான்கை மூன்றாக்கும் பேச்சு வரும்போது நான் கேட்பது இதுதான்: மூடப்படும் அணியின் ரசிகர்கள் பக்கத்து அணிக்கு டிக்கெட் வாங்குவார்கள் என்று கணக்கில் சேர்த்திருக்கிறீர்களா? சேர்த்திருந்தால், 2004க்குப் பிறகு பள்ளத்தாக்குகளிலிருந்து எத்தனை பேர் அப்படி வந்தார்கள் என்று பார்த்துவிட்டுச் சேர்த்தீர்களா? அணியை மூடும் முடிவில் அந்த அணியின் சந்தாதாரர்களுக்கு ஓட்டு உண்டா? பணக் கணக்கை அவர்களிடமே திறந்து வைத்து, எங்களால் இவ்வளவுதான் முடியும், நீங்கள் எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்கும் துணிவு உண்டா?

என்னுடன் வேலை செய்யும் ரோந்தாக்காரர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. 2003இல் இருபது வயதில் அவர் வாரியர்ஸ் சட்டை ஒன்று வாங்கினாராம். அவருடைய அப்பா அதை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு வராதே என்றாராம். அப்பாவுக்குப் பான்டிப்ரீத்தைத் தவிர வேறு அணி கிடையாது. போன கோடையில் அவர் வீட்டுக் கொல்லைச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க நான் உதவிக்குப் போயிருந்தேன். மெல்ல ஏணியில் ஏறியவர் போட்டிருந்தது அந்தச் சட்டைதான். முதுகில் கையகல வெள்ளைத் திட்டு, காலர் கிழிந்திருந்தது. சனிக்கிழமைகளில் கார்டிஃப் ஆட்டத்துக்குப் போவதில்லையா என்று கேட்டேன். சீசன் தொடங்கட்டும், சார்டிஸ் ரோடுக்குப் போகலாம், உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கீழே இருந்த பிரஷ்ஷைக் கேட்டார்.