பிரித்துக் கொடுங்கள்

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போன பிறகு, நானும் தம்பியும் அவருடைய பீரோவைத் திறந்தோம். மேல்தட்டில் பத்தொன்பது சட்டைகள் இருந்தன. பத்தொன்பதும் கடையில் வாங்கியபடியே. உறை பிரிக்கவில்லை, காலருக்குள் வைக்கும் அட்டையை எடுக்கவில்லை, சிலவற்றில் விலைச்சீட்டு கூட இருந்தது. அதில் ஏழு நான் வாங்கிக் கொடுத்தவை. எது எந்தத் தீபாவளிக்கு வாங்கியது என்று என்னால் சொல்ல முடிந்தது. நீலக் கட்டம் போட்டது 2009. இளம்பச்சை, நான் முதன்முதலாக அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போன வருஷம்.

கடைசிப் பத்து வருஷம் அப்பா மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டது மூன்றே சட்டைகள். காலர் நைந்துவிட்டால் தையல்காரரிடம் கொடுத்து, காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்து வாங்கி வருவார். "புதுசு இருக்கே அப்பா" என்றால், "இருக்கட்டும், எங்கேயாவது போகவர வேணும்" என்பார். போகவும் வரவும் அவருக்கு இருந்த இடங்கள் காய்கறிக் கடை, வங்கி, கும்பேஸ்வரன் கோயில். அங்கெல்லாம் பழைய சட்டையே போதுமென்று அவர் நினைத்தார்.

தம்பி ஒரு வெள்ளைச் சட்டையைப் பிரித்தான். கை மடிப்பில் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்துத் துணியோடு ஒட்டியிருந்தது. இழுத்தபோது ஊசி வந்தது, பழுப்பு வட்டம் துணியிலேயே நின்றது. மடித்த கோடுகள் முழுக்க மஞ்சள். ஊற வைத்து, எலுமிச்சை தேய்த்து, வெயிலில் போட்டுப் பார்த்தோம், போகவில்லை. அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: பாலிதீன் உறை சீக்கிரம் கெடாமல் இருக்க அதில் ஒரு வேதிப்பொருள் சேர்ப்பார்களாம். காற்றில் இருக்கும் புகையோடு சேர்ந்து நாளடைவில் அதுவே வெள்ளைத் துணியை மஞ்சளாக்கிவிடும். அழுக்கு படாமல் இருக்கட்டும் என்று எந்த உறையைப் பிரிக்காமல் வைத்தாரோ, அந்த உறையே சட்டையைக் கெடுத்துவிட்டது.

அன்றைக்கு எழுத நினைத்ததை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். போன மாதம் கும்பகோணத்து வீட்டுக்கு வெள்ளையடிக்க அம்மாவின் பரணைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பரணிலிருந்து இறங்கியவற்றைச் சொல்கிறேன். சாக்கில் கட்டிய எவர்சில்வர் அடுக்குகள் இரண்டு செட். தூக்குகள் ஆறு. செய்தித்தாள் சுற்றிய சம்படங்கள், தாம்பாளங்கள், ஒரு அன்னக்கூடை. பித்தளையில் ஜோடுதவலை, அண்டா. யாருடைய கல்யாணத்திலோ அன்பளிப்பாக வந்த லெமன் செட், ஜாடியும் ஆறு கண்ணாடித் தம்ளரும், வண்ணக் காகிதம் கூடக் கிழியாமல். அட்டைப் பெட்டியில் ஐந்து லிட்டர் குக்கர். வெந்நீர் பிளாஸ்க். அரசு கொடுத்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்ற மூன்றில் விசிறி மட்டும் மாட்டப்பட்டிருந்தது, மற்ற இரண்டும் 2012லிருந்து மேலேயே. எல்லாவற்றுக்கும் அடியில் பழைய வேட்டியில் சுற்றி ஓர் ஈயச் சொம்பு.

ஒரு தூக்கைத் துடைத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே என் பெயரின் முதல் இரண்டு எழுத்து, அப்புறம் தேதி: 14.9.1983. அப்போது எனக்கு ஏழு வயது. இப்போது போல மின்சாரப் பேனா கிடையாது. கடை வாசலில் ஒருவர் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகத் தட்டி எழுத்தைக் கொண்டுவருவார். விரலை வைத்துத் தடவினால் இன்னும் ஒவ்வொரு புள்ளியும் தட்டுப்படுகிறது. ஏழு வயதுப் பெண்ணின் கல்யாணத்துக்கு அம்மா பாத்திரச் சீட்டு கட்டியிருக்கிறாள். மாதம் இருபத்தைந்து ரூபாய். அந்த இருபத்தைந்து ரூபாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பால்காரரிடம் அரைப்படி குறைத்து வாங்கி, சாயங்காலக் காப்பியைத் தனக்கு மட்டும் நிறுத்திக்கொண்டு சேர்த்தது.

இப்படி வாங்கி வைப்பவர்களைக் கஞ்சம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தத் தலைமுறைப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்குத் தன் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை. கையில் காசாக வைத்திருந்தால் வீட்டுச் செலவு கேட்டுவிடும். பாத்திரமாக்கிவிட்டால் நிற்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையில் எவர்சில்வர் தகடு வர ஆரம்பித்ததும், "சேலம் ஸ்டீல்" என்று சொல்லி விற்றால் மறு பேச்சில்லாமல் வாங்கினார்கள். ஈயம் பூச வேண்டாம், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், கறுக்காது. அதைவிடப் பெரிய விஷயம், கஷ்டம் வந்தால் கைகொடுக்கும். தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம் இதே பித்தளை அண்டாதான் அடகுக் கடைக்குப் போய் வந்தது. அண்டாவின் காதில் அடகுக் கடைக்காரர் கட்டிய கம்பியின் தடம் இருக்கிறது. எனக்குக் காட்டி, "இதுதான் அவன் உசுரைக் காப்பாத்தித்து" என்றாள் அம்மா. அதைக் கேட்ட பிறகு அந்தப் பரணை அடைசல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வீட்டில் இருப்பதில் பாதியைத் தூக்கிப் போடு, மனசு லேசாகிவிடும் என்று சொல்லும் வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. என் மகளும் அதைத்தான் சொன்னாள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூக்கிப் போடச் சொல்கிறவர்களுக்கு அந்தப் பொருளுக்காக அம்மா எத்தனை காப்பியை விட்டாள் என்று தெரியாது. ஆனால் அப்படியே மேலே ஏற்றி வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. எந்தப் பெண்ணுக்காக வாங்கினாளோ அந்தப் பெண்ணாகிய எனக்கு 2001ல் கல்யாணமாகி, பாதிப் பாத்திரம் சீராக வந்தது. வந்து என் மாமியார் வீட்டுப் பரணில் ஏறியது. அங்கே ஏற்கெனவே மாமியாரின் சீர் இருந்தது. 1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்ட நாட்டில், யாரும் கேட்காமலேயே, யாருக்கும் தேவைப்படாமலேயே, ஒரு பெண்ணின் சாயங்காலக் காப்பி இப்படிப் பரண்விட்டுப் பரண் போய்க்கொண்டிருக்கிறது. இது எனக்கு ஆறவே இல்லை.

பயன்படுத்தாமல் வைத்தால் எதுவும் தேயாது என்று நம்புகிறோம். பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் அது சரி. அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, உள்ளே ஈயம் பூசினால் இன்னொரு தலைமுறைக்கு வரும். மற்றவை அப்படியில்லை. குக்கரைப் பிரித்தபோது கேஸ்கெட் ரப்பர் விறைத்துப்போய், வளைத்ததும் விரிசல் விட்டது. நல்லவேளை, அப்படியே அடுப்பில் வைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் பத்துப் பதினைந்து வருஷமாகப் பெட்டியில் இருக்கும் குக்கர் இருந்தால், கேஸ்கெட்டையும் சேஃப்டி வால்வையும் புதிதாக மாற்றாமல் ஒருமுறை கூடப் பயன்படுத்தாதீர்கள். கிரைண்டரின் பெல்ட் இறுகியிருந்தது. பெல்ட்டை மாற்றியதும் ஓடியது. எதிர் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்காவிடம் மிக்சியையும் அதையும் அம்மாவே கூப்பிட்டுக் கொடுத்தாள்.

என்னை ரொம்ப வருத்தப்படுத்தியது பட்டுப் புடவைதான். அரக்கு நிறம், கையகல மாம்பழ மஞ்சள் கரை. தம்பி கல்யாணத்துக்கு என்று காஞ்சிபுரம் போய் வாங்கியது. முகூர்த்தத்தன்று அடுப்படியிலும் பந்தியிலுமாக ஓட வேண்டியிருந்ததால், "பாழாயிடும்" என்று பழைய புடவையையே கட்டிக்கொண்டாள். அதன் பிறகும் கட்டவில்லை. பீரோவுக்குள் தொங்கவிட்டு, பக்கத்திலேயே அந்துருண்டை. இப்போது விரித்துப் பார்த்தால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் சரிகை ஒடிந்து பிளந்திருக்கிறது. நல்ல சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. உலோகம் ஒரே இடத்தில் வருஷக்கணக்காக மடிந்திருந்தால் ஒடியாமல் என்ன செய்யும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். மல் துணியில் சுற்றி வைக்க வேண்டும். அந்துருண்டை சரிகையில் பட்டால் கறுத்துவிடும், அதற்குப் பதில் வசம்புத் துண்டு போடலாம். இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. கட்டிக்கொள்வது. கட்டி அவிழ்க்கும் புடவையில் மடிப்பு ஒரே இடத்தில் நிற்காது.

அம்மாவிடம் கேட்டேன், "எந்த நாளுக்காக வெச்சிருந்தே?"

"நல்ல நாளுக்குத்தான்."

"தம்பி கல்யாணத்தைவிட நல்ல நாள் ஏதும்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை. புடவையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

நான் யோசித்துப் பார்த்ததில், தவறு அம்மா அப்பாவிடம் மட்டும் இல்லை. எங்களிடமும் இருக்கிறது. அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஏழு சட்டைகளையும் எப்படிக் கொடுத்தேன்? பையோடு நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்து, "நன்னா இருக்கு" என்று சொல்லி உள்ளே வைத்தார். நான் ரயிலேறிவிட்டேன். பிரிக்காத பொருள் அவர்கள் மனதில் இன்னும் அவர்களுடையதாக ஆகவில்லை. அதை வேறு யாருக்காவது கொடுக்கலாம், திடீரென்று வரும் மாப்பிள்ளைக்கு வைத்துக் கொடுக்கலாம், விசேஷத்தில் அன்பளிப்பாக ஓதியிடலாம். அதனால் அது நல்லபடியாக இருக்க வேண்டும். பிரித்த பிறகு அதை யாருக்கும் கொடுக்க முடியாது. அப்போதுதான் தனக்கு என்று ஆகும். தனக்கு என்று ஒன்றை ஆக்கிக்கொள்ள அவர்களுக்குக் கை வருவதில்லை. அந்த உறையைக் கிழிக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

ஆகவே இந்தப் பொங்கலுக்கு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ துணி எடுக்கிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். பிரித்துக் கொடுங்கள். குண்டூசிகளை நீங்களே எடுங்கள், அட்டையை எடுங்கள், விலைச்சீட்டை வெட்டி எறியுங்கள். ஒருமுறை அலசிக் காயப்போட்டு, அவர் தினமும் சட்டை எடுக்கும் கொடியில் மாட்டிவிட்டு வாருங்கள். முடிந்தால் பழைய சட்டை ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். புடவை என்றால் ஓரம் அடித்து, ஃபால்ஸ் வைத்து, ரவிக்கையும் தைத்துக் கொடுங்கள். அளவு ரவிக்கை கேட்டு வாங்க அரை நிமிஷம்தான் ஆகும். குக்கர், மிக்சி என்றால் வாங்கிய அன்றே நீங்கள் ஒருமுறை சமைத்துக் காட்டிவிட்டு, அந்த அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள். பெட்டி வீட்டில் இருக்கும்வரை பொருள் அதற்குள் திரும்பிப் போய்விடும்.

ஈயச் சொம்பு கதையைச் சொல்லவில்லையே. அது 1991ல் கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் அம்மா ஆசைப்பட்டுத் தனக்கென்று வாங்கியது. அவள் தனக்கென்று வாங்கியதாக எனக்குத் தெரிந்த ஒரே பாத்திரம். அவளுடைய பாட்டி ஈயச் சொம்பில்தான் ரசம் வைப்பாளாம், அந்த வாசனை தெருவுக்கே தெரியுமாம். வாங்கி வந்த பிறகு பயம் வந்துவிட்டது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இல்லாமல் அடுப்பில் ஏற்றினால் கண் எதிரிலேயே கரைந்து வழிந்துவிடும். நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், நூறு வேலை, கவனம் தப்பினால் போச்சு. அப்படியே சுற்றி வைத்தவள் முப்பது வருஷத்துக்கு மேல் எடுக்கவே இல்லை.

முதலில் அதை நகைக் கடைத் தெருவில் டச் பார்க்கும், அதாவது தங்கத்தின் தரத்தைச் சோதிக்கும், கடைக்குக் கொண்டுபோய், விஷமான காரீயம் கலந்திருக்கிறதா என்று எந்திரத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கலப்பில்லை. பழைய ஈயப் பாத்திரம் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாமல் சமைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து, வெந்நீர் விட்டுக் கழுவி, அம்மா முன்னால் வைத்தேன். முன்பெல்லாம் "எதுக்குடி இப்ப அதை இறக்கறே" என்று கேட்டிருப்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை.

புளித்தண்ணீரைக் கரைத்து முதலில் சொம்பில் விட்டாள். அப்புறம்தான் அடுப்பில் ஏற்றினாள், தீ பக்கவாட்டில் ஏறாமல் சிறியதாக வைத்து. உப்பு, பெருங்காயம், தக்காளி, ரசப்பொடி. பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீர். ஓரத்தில் நுரை கூடி வரும்போதே, கொதிக்க விடாமல், இரண்டு கையிலும் துணி பிடித்து இறக்கினாள். இடுக்கி போட்டால் ஈயம் அமுங்கிவிடும். தாளிப்பது வேறு கரண்டியில், அதை மேலே கொட்டியதும் கொத்தமல்லி. ஒரு வாய் குடித்துவிட்டு, "பாட்டி வெக்கறாப்லயே இருக்குடி" என்றாள். அப்புறம் அடுப்படியிலேயே நின்றபடி தம்ளரில் ஊற்றி ஊற்றி மூன்று முறை குடித்தாள்.

மறுநாள் காலை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். எழுந்து வந்தபோது பழைய வேட்டி துவைத்துக் கொடியில் தொங்கியது. சொம்பு அடுப்பு மேடையில் இருந்தது, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சை அளவு புளி ஊறிக்கொண்டிருந்தது.