"பொறுப்பான பிள்ளை" என்று சொல்லும் முன்

"குடிகாரன் வீட்டுல பொறந்தும் எவ்வளவு பொறுப்பா இருக்கா பாருங்க!" முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் மூத்த மகளைப் பார்த்து ஊர் இப்படித்தான் சொல்லும். அந்தப் பொறுப்பில் பாதி பயம் என்பது என் கருத்து.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே 'அப்பா இன்னைக்கு எப்படி வந்திருக்காவ' என்று கணக்குப் போட்டுப் பழகிய காது அது. கோயில் கொடையில் ஊரே சாமியாட்டம் பார்க்கும். அவள் அப்பா எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்ப்பாள். 35 வயதிலும் மேனேஜர் கதவை வேகமாகச் சாத்தினால் நெஞ்சு படபடக்கும். யார் முகம் வாடினாலும் தன் தப்பு. மகளிர் குழுவில் கடன் எடுத்து அப்பாவின் கடனை அடைப்பாள், "காய்ச்சல்" என்று அவர் முதலாளியிடம் பொய் சொல்வாள். அப்பா போன பிறகும் இது நிற்பதில்லை. அந்த இடத்துக்குத் தம்பியோ புருஷனோ வந்துவிடுகிறார்கள்.

இப்படி அடுத்தவரைத் தாங்குவதிலேயே தன்னை மறப்பதைக் கோடிபென்டென்சி என்கிறார்கள். மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இந்தப் பெயர் கிடையாது. குடிக்கிறவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இப்படி ஆவதும் இல்லை. நம்பிப் போய் உட்கார ஓர் ஆச்சி வீடு இருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் தேறியிருக்கிறார்கள். அதனால் "என் குணமே இதுதான்" என்று முடிவு கட்டாதீர்கள்.

பழகிக்கொள்ள வேண்டியது ஒரே வாக்கியம்: "நாளைக்குச் சொல்லுதேன்." யார் எது கேட்டாலும் ஒரு நாள் தள்ளுங்கள். அப்பாவிடம் ஆரம்பிக்காதீர்கள், அதுவும் அவர் குடித்திருக்கும் ராத்திரியில் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு மைனி கேட்கும் சின்னக் கைமாத்தில் ஆரம்பியுங்கள். நாலு நாள் மறுத்துவிட்டு அஞ்சாம் நாள் கொடுத்தால், அஞ்சு நாள் கேட்டால் கிடைக்கும் என்று அவர்கள் படித்துக்கொள்வார்கள். கடைசிவரை மறுக்க முடிந்ததை மட்டும் மறுங்கள். சோறும் வைத்தியமும் கொடுக்கலாம். கடனடைப்பும் பொய்யும்தான் நிற்க வேண்டும். அடி விழும் வீடென்றால் இந்தப் பயிற்சியெல்லாம் பிறகு, முதலில் 181, பெண்களுக்கான உதவி எண்.

பாசத்தில் செய்யும் இரண்டு காரியம் உயிரையே எடுத்துவிடும். ஒன்று, குடியை நிறுத்த மருத்துவர் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரையை, குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பது. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அந்த ஆபத்து உண்டு. இன்னொன்று, தினமும் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்துவது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத ஆளோடு பேச ஆரம்பிக்கலாம். குடியை நிறுத்துவது மருத்துவர் மேற்பார்வையில்தான்.

அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் போங்கள். மனநல உதவி எண் 14416 இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டு போடும்போது அப்பா பெயரைச் சொல்லாமல் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். "தூக்கம் வரலை, எப்பவும் பயமா இருக்கு" என்றாலே போதும், மற்றதை அவர்கள் கேட்பார்கள்.