டெரசாகிக்கு ஒரு வரி போதாது

உறுப்பு மாற்றுத் துறையில் ஆய்வையும் தொழிலையும் சேர்த்தே நடத்தியவர்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், பால் டெரசாகியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் வருகிறது. அவர் கத்தி பிடித்த மருத்துவர் இல்லை, ஆய்வாளர். ஆனால் இன்று சிறுநீரகம் மாற்றும் எந்த மருத்துவரும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்.

ஒருவரின் திசு இன்னொருவருக்குப் பொருந்துமா என்று பார்க்க 1964-இல் அவர் கொண்டுவந்த சோதனையைப் பாருங்கள். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் எண்ணெய்க்கு அடியில் ஒரு மைக்ரோலிட்டர் (லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சீரம், அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி, அதோடு கொஞ்சம் வெள்ளணுக்கள். அப்புறம், அணுக்களைக் கொல்லத் துணைபுரியும் முயலின் சீரம். முதல் சீரத்தில் அந்த அணுக்களைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் இருந்தால் அணுக்கள் செத்துச் சாயம் ஏறிக் கறுக்கும். கொஞ்சம் இரத்தத்தை வைத்தே எத்தனையோ சோதனைகள் செய்ய முடிந்தது.

1969-இல் பட்டேல் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைதான் என்னை உலுக்கியது. இதே முறையில் பார்த்தபோது, கொடையாளியின் அணுக்களை நோயாளியின் சீரம் கொன்ற 30 பேரில் 24 பேருக்குப் புதிய சிறுநீரகம் உடனே செயலிழந்தது. அப்படிக் கொல்லாத 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அந்தக் கதி. இதற்குப் பிறகு இந்தச் சோதனையைச் செய்யாமல் அறுவைக்குப் போவதை எப்படி நியாயப்படுத்த முடியும்?

இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே அமெரிக்க அரசு குடும்பத்தோடு முகாமில் அடைத்து வைத்த சிறுவன் இவர். 1984-இல் தன் பழைய மாணவர்களோடு திசுப் பொருத்தச் சோதனைப் பொருட்களைத் தயாரிக்கும் ஒன் லாம்டா நிறுவனத்தைத் தொடங்கினார். 'ஒன் லாம்டா' என்றால் அதே ஒரு மைக்ரோலிட்டர்தான். 2010-இல், தான் படித்து, வேலை பார்த்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்கு 5 கோடி டாலர் கொடுத்தார். கட்டுரையாளர் அடுத்து இவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.