துறையை மூடலாம், அதன் வேலையை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

அந்த வீடியோவை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். திருப்பூர் கூட்டத்தில் யார் பேசியது, எந்த இடத்தில் கைதட்டல் எழுந்தது எல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "இன்கம்டாக்ஸ் டிபார்ட்மெண்டையே இழுத்து மூடுங்க. அமெரிக்காக்காரனே மூடப் போறான், நமக்கு எதுக்குங்க அது?" என்றார். அரங்கமே தட்டியது. அதன் கீழே நான் சுருக்கமாக எழுதினேன்: மூடுவது நடக்காத காரியம், அதையே கேட்டுக்கொண்டிருந்தால் நடக்கக்கூடிய காரியங்களும் கைநழுவிப் போகும் என்று. வந்த பதில்களில் பெரும்பாலானவை ஒன்றே: "ஆடிட்டர் ஆபீஸ்காரருக்குப் பொழப்பு போயிருமுன்னு பயம்." சரிங்க, அதற்கும் வருகிறேன். முதலில் கணக்கு.

அமெரிக்காவிலேயே தொடங்கலாம். அங்கே வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸை ஒழிக்கும் 'ஃபேர்டாக்ஸ்' மசோதா 1999-இலிருந்து திரும்பத் திரும்பத் தாக்கலாகிறது. இன்றுவரை நிறைவேறவில்லை. வருமான வரியையும் சம்பளத்தில் பிடிக்கும் வரிகளையும் எடுத்துவிட்டு 23 சதவீத விற்பனை வரி போடுவோம் என்கிறது. அந்த 23, வரியும் சேர்ந்த விலையில் 23. நாம் பில் போடும் முறையில் சொன்னால் 100 டாலர் சரக்குக்கு 30 டாலர் வரி. வசூலை மாநிலங்கள் செய்யும். மேற்பார்க்கக் கருவூலத் துறைக்குள் விற்பனை வரிக்கு ஒரு பிரிவும் கலால் வரிக்கு ஒரு பிரிவும் தொடங்க வேண்டும் என்று அதே மசோதா சொல்கிறது. துறையை ஒழிப்பதற்கென்றே எழுதிய சட்டத்தில் புதிதாக இரண்டு ஆபீஸ்! பலகை மாறும், வேலை போகாது. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்வது இது ஒன்றைத்தான்.

இன்னொரு பேச்சு, இறக்குமதித் தீர்வையை ஏற்றிவிட்டு வருமான வரியை எடுத்துவிடலாம் என்பது. ட்ரம்ப் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். 2024-இல் அமெரிக்கா இறக்குமதி செய்த சரக்கு ஏறத்தாழ 3.3 லட்சம் கோடி டாலர். தனிநபர் வருமான வரி மட்டும் அந்த நிதியாண்டில் சுமார் 2.4 லட்சம் கோடி டாலர். உள்ளே வரும் எல்லாச் சரக்குக்கும் 70 சதவீதத்துக்கு மேல் தீர்வை போட வேண்டும். போட்ட பிறகும் ஒரு பெட்டிகூடக் குறையாமல் வர வேண்டும். அவ்வளவு போட்டால் சரக்கு வருமா என்று திருப்பூர்க்காரருக்கு விளக்க வேண்டுமா? 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு 50 சதவீதம் என்றதும் என்ன நடந்தது? தீர்வையைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர். ஆனால் பையர் இங்கே மெயில் போட்டுத் தள்ளுபடி கேட்டார், ஆர்டரை நிறுத்தி வைத்தார். அந்த அடியை வாங்கியவர்களே அந்த யோசனைக்குக் கைதட்டியதுதான் எனக்கு வலிக்கிறது.

வரித்துறை என்றால் வாங்கும் கை மட்டும் என்று நினைக்கிறோம். ஏற்றுமதி செய்யும் ஊரில் அது திருப்பிக் கொடுக்கும் கையும்தான். எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் போட்டு வரி கட்டாமல் சரக்கை அனுப்புகிறீர்கள். நூலுக்கு 5, டையிங் ஜாப் ஒர்க்குக்கு 5, பல சேவைகளுக்கு 18 என்று கட்டிய வரி கிரெடிட்டில் தேங்கி நிற்கிறது. அதைத் திரும்பக் கேட்டு ஆர்எஃப்டி-01 விண்ணப்பம் போடுகிறீர்கள். 15 நாளில் ஒப்புகை, அதன்பின் 7 நாளில் 90 சதவீதம் தற்காலிகமாக, 60 நாளுக்குள் மீதியோடு ஆணை. தாண்டினால் 6 சதவீத வட்டி. இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது. ஐஜிஎஸ்டி (ஏற்றுமதிக்கும் பொருந்தும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) கட்டி அனுப்பினால், சுங்கத் துறையில் போடும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லே விண்ணப்பம். ஆனால் ஷிப்பிங் பில்லில் ஒரு இன்வாய்ஸ் நம்பர், ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னின் 6ஏ அட்டவணையில் வேறொரு நம்பர் என்றால் 'எஸ்பி005' என்ற பிழைக் குறியீட்டோடு சிஸ்டம் நிறுத்திவிடும். ஒரு சாய்கோடு, ஒரு சுழியம் மாறினால் போதும். கப்பல் கம்பெனி ஏற்றுமதிச் சரக்குப் பட்டியலான ஈஜிஎம் போடாவிட்டால் 'எஸ்பி002'. இதையெல்லாம் சரிபார்த்து விடுவிப்பது சுங்கத் துறை ஆள். கட்டிய சுங்கத் தீர்வையைத் திருப்பித் தரும் டிராபேக்கைக் கொடுப்பதும் அவர்கள்தான், ஆடை ஏற்றுமதிக்கு மாநில, மத்திய வரிகளைத் திருப்பித் தர 2019 மார்ச்சில் வந்த ஆர்ஓஎஸ்சிடிஎல்லை 2021-இலிருந்து கொடுப்பதும் அவர்கள்தான். துறையை மூடிய மறுநாள் தூத்துக்குடியில் நிற்கும் கன்டெய்னருக்கு எஸ்பி005 வந்தால் யாரிடம் போவது?

"அவர் வருமான வரியை மட்டும்தானே சொன்னார்?" என்பீர்கள். மேடையில் அப்படித்தான். கீழே வந்த கமெண்டில் எல்லாத் துறையையும் சேர்த்து மூடிவிட்டீர்கள். சரி, வருமான வரியை மட்டும் எடுப்போம். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் நேரடி வரிகள் 25.20 லட்சம் கோடி ரூபாய். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. ஏறத்தாழ பாதி. அதை ஜிஎஸ்டியில் எடுப்பதென்றால், 2024-25இல் நாடு முழுக்க வந்த மொத்த ஜிஎஸ்டியே 22.08 லட்சம் கோடி. வசூல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆக வேண்டும். அதே விகிதத்தில் ஏற்றினால் 5 சதவீதம் 10-ஐத் தாண்டும், 18 சதவீதம் 38-க்குப் போகும். யார் தலையில்? இன்று புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரியே இல்லாத, பவர் டேபிள் போட்டுத் தைத்துக் கொடுப்பவர் தலையில். சோமனூர் தறிக்காரர் தலையில். வேளாண் வருமானத்துக்கு வரி கட்டாத, ஆனால் மோட்டார், பைப், மருந்து, சோப்பு எல்லாம் கடையில் வாங்குகிற தோட்டத்துக்காரர் தலையில். மாநிலத்தின் பங்கும் இதில் இருக்கிறது. மத்திய வரித் தொகுப்பில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க 2021-26 காலத்துக்குச் சொன்னது 15-வது நிதிக் குழு, அதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079 சதவீதம். இது ஏற்கெனவே குறைவு என்று நாம் சண்டை போடுகிறோம். தொகுப்பின் பெரிய ஊற்றையே அடைத்துவிட்டு எதில் பங்கு கேட்பது?

அடுத்து வருவது பேங்க் பரிவர்த்தனை வரி. "எல்லா வரியையும் எடுத்துட்டு, பேங்க்ல பணம் மாறும்போது 2 பர்சென்ட் புடிச்சுக்கட்டும், ஆபீஸே வேண்டாம்." கேட்க இனிமையாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். திருப்பூருக்கு இதைவிடக் கேடான வரி எனக்குத் தெரிந்து இல்லை. நம் ஊர் ஒரே கூரைக்குக் கீழே துணி செய்கிற ஊர் அல்ல. கணக்குக்காக முழு எண்களாகப் போடுகிறேன். ஒரு டி-ஷர்ட்டின் விற்பனை விலை 200 ரூபாய். பருத்திக்கு 50 கைமாறுகிறது, ஜின்னிங்கிலிருந்து மில்லுக்கு 60, மில்லிலிருந்து ஏற்றுமதியாளருக்கு 90. பிறகு நிட்டிங் 5, டையிங் 25, காம்பேக்டிங் 3, பிரிண்டிங் 10, தையல் 30, செக்கிங்-பேக்கிங் 7. கடைசியில் விற்பனை 200. மொத்தம் பேங்கில் மாறிய பணம் 480. 2 சதவீதம் என்றால் 9 ரூபாய் 60 பைசா. எல்லாவற்றையும் உள்ளேயே செய்யும் பெரிய மில்லுக்கு? பருத்தி வாங்கியது 50, விற்றது 200, சேர்த்து 250. வரி 5 ரூபாய். சின்னவர்கள் கைகோத்துச் செய்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரி, பெரியவர் தனியாகச் செய்தால் பாதி. ஜாப் ஒர்க்கை நம்பியிருக்கும் ஊரை அழிக்க இது போதும். அந்த 9.60-ஐ ஏற்றுமதி செய்யும்போது திரும்ப வாங்கவும் முடியாது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று காட்ட இன்வாய்ஸ் சங்கிலி இருக்காது. இருக்க வேண்டுமென்றால் அதைச் சரிபார்க்க ஒரு ஆபீஸ் வேண்டும்! பேங்கில் ரொக்கம் எடுப்பதற்கு 2005 முதல் 2009 வரை 0.1 சதவீத வரி இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். 2 சதவீதம் போட்டால் சம்பளமும் பில்லும் திரும்பவும் சாக்குப்பையில் ரொக்கமாகப் போகும்.

துபாயில் வரி இல்லையாம். 2018 ஜனவரி 1 முதல் அங்கே 5 சதவீத வாட் இருக்கிறது, 2023 ஜூனிலிருந்து 9 சதவீத கம்பெனி வரி இருக்கிறது, அதற்கென்று 2016-இலேயே கூட்டாட்சி வரி ஆணையமும் வைத்துவிட்டார்கள். எண்ணெய் இருக்கிற நாடே புதிதாக வரித்துறை தொடங்குகிறது. இதற்கு மேல் துபாயைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இங்கேயே ஒழித்துப் பார்த்தவற்றைப் பாருங்கள். எஸ்டேட் டூட்டி 1985-இல் போனது, கிஃப்ட் டாக்ஸ் 1998-இல் போனது, வெல்த் டாக்ஸ் 2015 பட்ஜெட்டில் போனது. வெல்த் டாக்ஸுக்குப் பதிலாக ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் சர்சார்ஜ் ஏறியது. வரிகள் போயின, துறை இருந்தது. 1959 விற்பனை வரிச் சட்டம் போய் 2007 ஜனவரி 1-இல் வாட் வந்தது, 2017-இல் ஜிஎஸ்டி வந்தது. பலகையில் பெயர் மாறியது, அலுவலர் பதவிப் பெயர் மாறியது, பழைய ஃபைல் மட்டும் மாறவில்லை. சட்டத்தை ரத்து செய்தாலும் அதற்கு முன் ஏற்பட்ட பாக்கி ரத்தாகாது. அதனால்தான் 2017-க்கு முந்தைய விற்பனை வரி, வாட் நிலுவைக்குத் தமிழ்நாடு அரசு 2023 அக்டோபரில் சமாதானத் திட்டம் கொண்டுவந்தது. 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்த நிலுவையை மொத்தமாகத் தள்ளுபடி செய்தார்கள்.

கேரள எல்லையில் இருக்கும் வாளையாறு நினைவிருக்கிறதா? 2017 ஜூலையில் சோதனைச்சாவடி போனபோது லாரிக்காரர்களுக்கு உண்மையாகவே நிம்மதி. நானும் அதை நல்ல மாற்றம் என்றே சொல்வேன். ஆனால் வேலை போகவில்லை, இடம் மாறியது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போக, சரக்கோடு எடுத்துப் போகும் ஆன்லைன் சீட்டான இ-வே பில், ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள்ளும் இ-வே பில். அது செல்லுபடியாவது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. வண்டி பழுதாகி வேறு வண்டியில் ஏற்றிவிட்டு அந்தப் பில்லின் பார்ட்-பியில் வண்டி நம்பர் மாற்றாமல் விட்டால், ரோவிங் ஸ்குவாட் என்ற ரோந்துப் படை பிடித்து ஜிஎஸ்டி சட்டத்தின் 129-வது பிரிவில் வரிக்கு 200 சதவீதம் அபராதம் கேட்கும். வண்டி நம்பரில் ஓரிரு எழுத்துப் பிழைக்கு மொத்தமாக 1,000 ரூபாய் போதும் என்று 2018-இன் 64-ஆம் சுற்றறிக்கை சொல்கிறது. அது டிரைவர் கையில் ஒரு நகல் இருந்தால் பேச முடியும்.

"அப்போ அவங்க செய்யற அநியாயத்துக்கு வக்காலத்து வாங்கறீங்களா?" இந்தக் கேள்விதான் என்னை நோகடித்தது. அநியாயத்தின் பிரிவு எண் எனக்குத் தெரியும் என்பதால்தான் கத்துகிறேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 16(2)(சி): விற்றவர் வரியை அரசுக்குக் கட்டினால்தான் வாங்கியவருக்குக் கிரெடிட். 10 லட்சத்துக்கு நூல் வாங்குகிறீர்கள், 50,000 வரியையும் சேர்த்துப் பேங்க் மூலமே கட்டுகிறீர்கள். விற்றவர் அதை அரசுக்குக் கட்டவில்லை. சில வருஷம் கழித்து டிஆர்சி-01 என்ற நோட்டீஸ் உங்களுக்கு வரும். 50,000, அதற்கு 18 சதவீத வட்டி, மேலே அபராதம். விற்றவருடைய பதிவைப் பின்தேதியிட்டு ரத்து செய்திருப்பார்கள். வாங்கிய அன்று அவர் பதிவு உயிரோடு இருந்ததற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கும், இருந்தும் அலைய வேண்டும். நோட்டீஸைப் போர்ட்டலில் 'கூடுதல் நோட்டீஸ்கள், ஆணைகள்' என்ற மூலையில் போட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று ஆணையும் போட்டுவிடுவார்கள். இப்படி வந்த எத்தனையோ ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டச் சொல்லி மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. 2017-இல் சட்டம் வந்தது, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தொடங்கி வைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 24-இல். அதுவரை முதல் மேல்முறையீட்டில் தோற்றால் ரிட் போட உயர் நீதிமன்றம்தான் கதி. சின்ன கம்பெனிக்காரர் அந்தச் செலவுக்குப் பயந்தே கட்டிவிட்டார். அந்த எட்டு வருஷம் எந்த மேடையில், யார் இதைக் கேட்டார்கள்? எந்த அரங்கம் தட்டியது?

கோவையில் 2024 செப்டம்பரில் எழுந்த பன்-கிரீம் கேள்வியை எல்லாரும் பகிர்ந்தோம். அது நல்ல கேள்வி, சரியான கேள்வி. பன்னுக்கு ஒரு ரேட், கிரீமுக்கு ஒரு ரேட் என்று வைத்தது நம் ஊர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் சூப்பிரண்டெண்ட் இல்லை, ஜிஎஸ்டி கவுன்சில். அங்கே மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆபீஸை மூடினாலும் ரேட் அப்படியேதான் இருக்கும்.

இனி என் பிழைப்பு. ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துச் சம்பாதிக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. வரிமுறை மாறும்போதெல்லாம் எங்கள் வேலை கூடியதே தவிரக் குறைந்ததில்லை. நாளைக்கே பரிவர்த்தனை வரி வந்தால் அதற்கும் எங்களிடம்தான் வருவீர்கள். எனக்குப் பயம் வேறு. பழைய வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) என்ன செய்தது? குறு, சிறு உற்பத்தியாளருக்கும் ஜாப் ஒர்க் செய்தவருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடு. கொடுக்காமல் வருஷ முடிவில் பாக்கி வைத்தால், கொடுக்கும் வருஷம் வரை அந்தச் செலவைக் கழிக்க விடமாட்டேன் என்றது. பல மாதம் பில்லுக்கு நடந்த தையல் யூனிட்காரருக்கு அதுதான் கையில் கிடைத்த பிடி. அந்தப் பிடி நிற்பது வருமான வரி என்ற ஒன்று இருப்பதால். மேடையில் பேசியவருக்கு அது தேவையில்லாமல் இருக்கலாம். கீழே உட்கார்ந்து தட்டியவர்களில் பாதிப் பேர் பில்லுக்கு நடப்பவர்கள்.

என்னைத் திட்டி எழுதியவர்களும் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். போர்ட்டலில் அந்தக் கூடுதல் நோட்டீஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆணை இருந்தால் தேதியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு, தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்ட வேண்டும். இன்வாய்ஸ், இ-வே பில், பேங்க் ஸ்டேட்மெண்ட், லாரி ரசீது நான்கையும் எடுத்து வையுங்கள். கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், பதில் எழுதித் தருகிறேன்.