ஏஜென்ட் கமிஷன்: அரை சதவீதத்தில் ஜெயித்து விலையில் தோற்கிறோம்

வீடு விற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பெருமைதான் வரும். "கமிஷன் 2 சதவீதம் கேட்டார், ஒன்றரைக்குக் கொண்டுவந்துவிட்டேன்." குறைத்தது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு பேரம் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. உண்மையான பணம் வேறு இடத்தில் இருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், கமிஷன் 2 சதவீதம். 95க்கு ஒருவர் வாங்கத் தயாராக நிற்கிறார். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் 100க்கு ஆள் கிடைக்கலாம். பொறுத்தால் உங்களுக்குக் கூடுதலாக 4.9 வரும். ஏஜென்டுக்கு? வெறும் 0.1. அந்த 0.1க்காக அவர் இன்னும் எத்தனை பேரை அழைத்துவந்து வீட்டைக் காட்ட வேண்டும், எத்தனை போன் பேச வேண்டும்! அதனால்தான் "நல்ல பார்ட்டி சார், விட்டுடாதீங்க" என்ற வார்த்தை சீக்கிரமே வருகிறது. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய லாபம் சீக்கிரம் விற்பதில் இருக்கிறது, உங்களுடையது நல்ல விலைக்கு விற்பதில் இருக்கிறது. கமிஷன் அமைப்பே அப்படி.

இது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்காவில் சிகாகோ வட்டாரத்தில் நடந்த வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2 பொருளாதார அறிஞர்கள் எழுதிய கட்டுரை 2008இல் வெளிவந்தது. ஏஜென்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, மற்றவர்களின் அதே மாதிரி வீட்டைவிடச் சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றார்கள். அவர்களுடைய வீடுகள் சந்தையில் சராசரியாக 9.5 நாட்கள் அதிகம் இருந்தன. தன் பணம் என்றால் பொறுக்க முடிகிறது. நாம் அரை சதவீதத்துக்கு மல்லுக்கட்டும்போது, அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல் இந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

அப்படியானால் சதவீதத்தைப் பேசவே வேண்டாமா? பேச வேண்டும். "இதுதான் ரேட் சார், எல்லாரும் இதுதான் வாங்கறாங்க" என்பதைக் கேட்டதும் வாயடைத்துப் போக வேண்டியதில்லை. அமெரிக்காவில் பல காலமாக விற்பவர் தன் ஏஜென்டுக்கும் வாங்குபவரின் ஏஜென்டுக்கும் சேர்த்து 5, 6 சதவீதம் கொடுப்பது வழக்கமாக இருந்தது, பெரும்பாலோர் அதைக் கேள்வி கேட்கவில்லை. இது நியாயமில்லை என்று வீடு விற்றவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2023 அக்டோபரில் மிசௌரி மாநிலத்தில் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த மார்ச்சில் அங்குள்ள தேசிய ரியல் எஸ்டேட் முகவர் சங்கம் 41.8 கோடி டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, கமிஷன் சட்டம் நிர்ணயித்தது அல்ல, முழுக்கப் பேசி முடிவு செய்யக்கூடியது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இவ்வளவு பெரிய வழக்கு நடந்துதான் இந்த ஒரு வரி காகிதத்தில் ஏறியது.

சரி, எப்படிப் பேசுவது? எனக்குப் பிடித்த வழி படிக்கட்டுக் கமிஷன். 95 வரை ஒன்றரை சதவீதம், 95க்கு மேல் வரும் தொகையில் மட்டும் 10 சதவீதம். 95க்கு விற்றால் ஏஜென்டுக்கு 1.425, 100க்கு விற்றால் 1.925. அந்தக் கடைசி 5க்காக அவருக்குக் கிடைப்பது இப்போது 0.1 அல்ல, 0.5. மொத்தமாகப் பார்த்தால் 100க்கு விற்றாலும் நேர் 2 சதவீதத்தைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறீர்கள். அவருக்கும் பொறுத்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது அந்த 95. அதை அவர் சொல்லி நீங்கள் ஏற்றுக்கொண்டால், 90 என்று இறக்கித்தான் சொல்வார். பக்கத்தில் சமீபத்தில் உண்மையில் விற்ற வீடுகளின் விலையை நீங்களே விசாரித்துவிட்டு உட்காருங்கள். விளம்பரத்தில் போட்ட விலை கணக்கில் சேராது.

இதற்கு நேர் எதிரான ஒன்று இருக்கிறது. என் அண்ணி வீட்டை விற்க முடிவு செய்தபோது வந்த ஏஜென்ட் கமிஷன் பேச்சையே எடுக்கவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாக, "மேடம், உங்க கைக்கு எவ்வளவு வந்தா போதும்?" என்றார். கேட்க எவ்வளவு அனுசரணையாக இருக்கிறது! கமிஷனே வேண்டாம், நீங்கள் சொன்ன தொகை உங்களுக்கு, அதற்கு மேல் வருவது அவருக்கு. அண்ணி ஒரு தொகையைச் சொல்ல வாயெடுத்தார், நான் குறுக்கே புகுந்து, "விலையை விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால், வாங்குகிறவர் என்ன விலை கொடுத்தார் என்பதே விற்கிறவருக்குத் தெரியாமல் போகலாம். நூற்றுக்கு இரண்டு வாங்க வேண்டியவர் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொண்டு போகலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்த முறைக்கே தடை இருக்கிறது. வாங்குகிறவரும் விற்கிறவரும் நேரில் உட்கார்ந்து விலை பேசாத எந்த ஏற்பாட்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, இரண்டு பக்கமும் கமிஷன். வீடு வாங்குகிறவரிடமும் கமிஷன் வாங்குகிறாரா என்று ஏஜென்டிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கும் ஏஜென்ட் உங்களுக்காக விலையை ஏற்றிப் பேசுவார் என்று நம்ப முடியாது, அவருக்கு வியாபாரம் முடிந்தால் சரி. ஆமாம் என்றால், உங்கள் பக்கத்துக் கமிஷன் குறைய வேண்டும். சதவீதத்தைக் குறைக்கச் சொல்ல இதைவிட நியாயமான காரணம் கிடையாது.

அதிக விலை சொல்லி வீட்டைப் பிடிக்கிற ஏஜென்டுகளும் உண்டு. நால்வர் 100 என்னும்போது ஒருவர் மட்டும் 115 என்பார். மனசு அங்கேதான் போகும். ஒப்பந்தம் போட்டபின், "மார்க்கெட் டல்லா இருக்கு சார்" என்று மாதா மாதம் விலையை இறக்கச் சொல்வார். எந்த விற்பனையை வைத்து 115 சொன்னார் என்று அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

ஒப்பந்தம் என்றதும் ஞாபகம் வருகிறது, வாய்ப்பேச்சில் விடாதீர்கள். அவர் ஒருவருக்கு மட்டும்தான் விற்கும் உரிமை என்றால், மூன்று மாதம் போல ஒரு கெடு வேண்டும். கெடு முடிந்தபின் அவர் காட்டிய ஆள் வந்து வாங்கினால் கமிஷன் உண்டு என்று எழுதியிருப்பார்கள், அது நியாயம்தான். ஆனால் எத்தனை நாள் வரை, யார் யார் என்று பெயர்ப் பட்டியலோடு இருக்க வேண்டும். ஏற்கெனவே உங்களிடம் கேட்டு வைத்திருக்கும் உறவினர், அக்கம்பக்கத்தார் வாங்கினால் கமிஷன் இல்லை என்பதையும் அதிலேயே போட்டுவிடுங்கள். விளம்பரச் செலவு யாருடையது, கமிஷன் மேல் வரி தனியா என்பதெல்லாம் ஒரு வரி விஷயம்.

கமிஷன் எப்போது கைமாற வேண்டும் என்பதுதான் நிறையப் பேர் கோட்டை விடும் இடம். அட்வான்ஸ் வாங்கிய அன்றே முழுக் கமிஷனையும் கேட்பார்கள். வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் போனாலோ, பத்திரத்தில் வில்லங்கம் என்று பின்வாங்கினாலோ, கொடுத்த கமிஷனைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். பதிவு முடிந்து முழுப்பணம் கணக்கில் ஏறிய அன்று கமிஷன் என்று எழுதுங்கள். ரொம்பவும் வற்புறுத்தினால் கால் பங்கு முன்னால், மிச்சம் பதிவன்று. எல்லாவற்றுக்கும் ரசீது.