ஒரு முத்திரைக்கு இன்னொரு முத்திரை சாட்சி

"இதில் முத்திரை குத்த முடியாது. லேமினேஷனை உரித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு, என் எம்.எஸ்சி. பட்டத்தை ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளினார் அந்த ஊழியர். கோவில்பட்டியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு முழுக்க வந்து, எழும்பூரில் முகம் கழுவிக்கொண்டு, வெளிநாட்டு வேலைக்காகப் பட்டத்தில் அரசு முத்திரை வாங்க ஒன்பதே முக்காலுக்கு வரிசையில் நின்ற எனக்குப் பன்னிரண்டரை மணிக்குக் கிடைத்த பதில் இது. 2007-ல் அந்தப் பட்டம் கைக்கு வந்த அன்று, எங்கள் அப்பா அதைத் தன் கையாலேயே கொண்டுபோய் லேமினேஷன் செய்துவந்தார். "இனித் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னார். முதல் பட்டதாரி இருந்த வீடுகளில் அன்றைக்கு இதுதான் வழக்கம். தண்ணீர் படவே இல்லை, உண்மைதான். முத்திரையும் படாது என்று அந்த மனிதருக்கு யார் சொன்னார்கள்?

ஐக்கிய அரபு அமீரகத்தின் ஷார்ஜாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணித ஆசிரியை வேலை. போன நவம்பரில் இணையவழியில் நேர்காணல் நடந்தது. வகையீட்டைப் பற்றி இருபது நிமிடம் மாதிரி வகுப்பு எடுத்தேன். மறுநாளே பணி ஆணை வந்துவிட்டது. அங்கே இந்தியப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கும். இப்போது ஜூலை. நான் இங்கேதான் இருக்கிறேன், கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு. "கோடை விடுமுறை முடிந்து திறக்கும்வரை பொறுக்கிறோம்" என்று அந்தப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள். பதினான்கு ஆண்டுகள் பாடம் நடத்தியவளைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. நான் படித்தேன் என்பதை நம் நாடு ஒப்புக்கொள்ளத்தான் எட்டு மாதங்கள் போதவில்லை.

வரிசையைச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் பல்கலைக்கழகம் 'இந்தப் பட்டம் எங்களுடையதுதான்' என்று எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்து மாநில அரசின் கல்வித் துறை முத்திரை குத்தும். மாநிலத்தின் முத்திரையைப் பார்த்து வெளியுறவுத் துறை குத்தும். வெளியுறவுத் துறையின் முத்திரையைப் பார்த்து அமீரகத் தூதரகம் குத்தும். தூதரகத்தின் முத்திரையைப் பார்த்து அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் குத்தும். பிறகுதான் வேலை அனுமதி. நான் கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு இதைப் பார்த்ததும் பதினோராம் வகுப்பில் நடத்தும் கணிதத் தொகுத்தறிதல்தான் நினைவுக்கு வந்தது. ஒரு படி உண்மையானால் அடுத்த படியும் உண்மை என்று காட்டிக்கொண்டே போகலாம். ஆனால் முதல் படியைச் சரிபார்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து மதிப்பெண்ணில் ஒன்றுகூடப் போட மாட்டேன் என்று பிள்ளைகளை மிரட்டுவேன். இந்த ஊர்வலத்தில் உண்மையாகப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியது முதல் படி மட்டும்தான். மற்ற எல்லோரும் முந்தைய கையெழுத்தை மட்டும் பார்க்கிறார்கள். உள்ளே எழுதியிருப்பதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிடுகிறார்கள். அந்த முதல் படிக்குத்தான், என் பல்கலைக்கழகத்தில், ஏழு வாரம். அந்தப் பிரிவில் ஒரே ஒரு உதவியாளர். அவர் விடுப்பில் இருந்தால் பிரிவே விடுப்பில் இருக்கிறது.

இத்தனை முத்திரை எதற்கு என்று கேட்டால் 'அப்போஸ்டில்' என்ற சொல்லைச் சொல்வார்கள். 1961-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள்: அதில் சேர்ந்த நாடுகளுக்குள், ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று சொந்த நாடு அப்போஸ்டில் என்ற ஒரே சான்றை வைத்துவிட்டால் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. இந்தியாவுக்கு அது 2005 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஓமன் 2012-லேயே வந்துவிட்டது, சவுதியும் 2022-ல் வந்துவிட்டது. அமீரகம் அதில் இல்லை. என்னோடு பி.எட். படித்த தோழி மஸ்கட் போனபோது வெளியுறவுத் துறையில் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய் கட்டி ஒட்டவைத்துக்கொண்டு, தூதரகப் பக்கமே போகாமல் விமானம் ஏறிவிட்டாள். என் ஜாதகம் ஷார்ஜா. அமீரகத்துக்குத் திருவனந்தபுரத்தில் துணைத் தூதரகம் இருக்கிறது, சென்னையில் இல்லை. போகட்டும், அது அவர்கள் நாடு, அவர்கள் விருப்பம். வெளியுறவுத் துறையின் சாதாரணச் சான்றொப்பத்துக்கு அரசுக் கட்டணமே கிடையாது, தெரியுமா? ஆனால் 2012-லிருந்து நம் கையால் நேரடியாகக் கொடுக்க முடியாது. சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். இலவசத்தைப் போய் வாங்கிவர ஆளுக்குக் கூலி.

லேமினேஷனுக்கு வருகிறேன். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் 300 ரூபாய்க்கு உரித்துத் தருகிறேன் என்றார். மூலையில் பிளேடு வைத்து, ஹேர் டிரையரால் சூடு காட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். தாள் கிழியவில்லை. ஆனால் துணைவேந்தரின் கையெழுத்தில் பாதி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. "பரவாயில்லை மேடம், பாதி இருக்கிறதே" என்றார். பாதிக் கையெழுத்தைச் சான்றாக ஏற்க எவரும் தயாரில்லை என்பதால் மறுபடியும் பல்கலைக்கழகம், பட்டத்தின் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பம், செலான், முத்திரைத்தாளில் உறுதிமொழி, நோட்டரி. 'பட்டம் சேதமடைந்த விதம்' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'அப்பாவின் பாசம்' என்று எழுதத்தான் கை போனது. 'லேமினேஷன் நீக்கியபோது' என்று எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்தது பெயர். மலர்விழி என்பது என் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்; என் பெயரிலும் அதே ழகரம் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அந்த ழ-வுக்கு ஆங்கிலத்தில் ஒற்றை 'எல்'. பட்டத்தில் 'இசட்', 'எச்' என்று இரண்டு எழுத்துகள். இனிஷியல் பள்ளியில் முன்னால் இருக்கிறது, கல்லூரியில் பின்னால் போய்விட்டது, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆதாரில் கணவரின் இனிஷியல். ஆக, நான் நான்கு பெண்கள். நான்கு பேரும் ஒருத்திதான் என்று நிரூபிப்பது என் பொறுப்பு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் என்பதை எத்தனை நாட்டுப் படிவங்களுக்குத்தான் விளக்குவது? பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தபோது ஊரில் எத்தனை பேர் அலறினார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அது அடுத்த வீட்டுச் செய்தி.

இதில் எனக்கும் பங்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு வகுப்பாசிரியையாகப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலை ஒன்பது ஆண்டுகள் நிரப்பியவள் நான். "மிஸ், என் பெயருக்கு எந்த ஸ்பெல்லிங்?" என்று கேட்ட பிள்ளைகளிடம் "சீக்கிரம் எழுது, மணி அடித்துவிடும்" என்று சொல்லியிருக்கிறேன். ஒருமுறை இளஞ்செழியன் என்ற பையனுக்கு இடம் போதவில்லை என்று ஓர் எழுத்தை நானே விழுங்கிவிட்டேன். அவன் இப்போது எந்தக் கவுண்டரில் நிற்கிறானோ.

ஆத்திரம் எங்கே வருகிறது தெரியுமா? வெளிநாட்டுக்காரன் சந்தேகப்படுவது நியாயம். போலிப் பட்டத்தோடு போனவர்கள் உண்டு, அதனால்தான் இத்தனை கேள்வி. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: போலிப் பட்டம் அச்சடிப்பவன் பெயரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் அடிப்பான். அவன் கொடுக்கும் காகிதத்தில் எழுத்துப் பிழை இருக்காது, இனிஷியல் இடம் மாறாது, லேமினேஷனும் இருக்காது. உண்மையாக வகுப்பில் உட்கார்ந்து, உண்மையான எழுத்தர் ஒருவரின் அவசரத்தில் பதிவானவர்களுக்குத்தான் பிழை வரும். பிழை இருப்பதே அசல் என்பதற்கு அடையாளம் என்று ஓர் அலுவலகத்தில் சொல்லியே பார்த்தேன். அங்கே இருந்தவர் சிரிக்கவில்லை.

பி.எட். கதை தனி. நான் முடித்தது 2008-ல். அப்போது அது ஓராண்டுப் படிப்பு. நாடு முழுவதும் இரண்டாண்டு ஆனது 2015-ல்தான். "ஏன் ஓராண்டு மட்டும் படித்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? கடிதம் வேண்டுமாம்: அந்த ஆண்டில் ஓராண்டுதான், நேரடி வகுப்பில்தான் படித்தார், அஞ்சல் வழியில் இல்லை என்று. கல்லூரிக்குப் போனேன். கல்லூரியே இல்லை. அந்தக் கட்டடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நடக்கிறது. நாங்கள் கரும்பலகையில் பயிற்சி எடுத்த அறையில் சாம்பார் அண்டாக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பதிவேடுகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன என்றார் காவலாளி. வரவில்லை என்றார்கள் பல்கலைக்கழகத்தில். கடைசியில் என்னோடு படித்த ஒருத்தி பழைய வருகைச் சான்றையும் குழுப் படத்தையும் பரணிலிருந்து எடுத்து அனுப்பினாள். அரசாங்கம் தொலைத்ததை அவள் அம்மாவின் டிரங்குப் பெட்டி வைத்திருந்தது.

அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் 2015-லேயே வந்துவிட்டதே, அதில் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்கள் தயவுசெய்து என் முன்னால் வராதீர்கள். 2007-ல் படித்தவர்களின் பட்டங்களை என் பல்கலைக்கழகம் இன்னும் அதில் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தாலும் நான் கொண்டுபோன இடங்களில் எல்லாம் அசல் தாளைத்தான் கேட்டார்கள்.

நடுவில் ஒரு முகவர் வந்தார். எல்லா முத்திரையும், விசாவும், டிக்கெட்டும் சேர்த்து ஒன்றரை லட்சம் என்றார். பணி ஆணை என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது ஐயா, நீங்கள் எதற்கு என்றேன். "அனுபவம் மேடம்" என்றார். பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். உரிம எண்ணைக் கேட்டதும் அவருக்கு அவசர அழைப்பு வந்துவிட்டது. வேலை அனுமதி, விசாச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று அமீரகச் சட்டமே சொல்கிறது. பள்ளிக்காரர்கள் அதை ஒழுங்காகத் தாங்களே கட்டிவிட்டார்கள். என் கையிலிருந்து இதுவரை போன 38,000 ரூபாய், முழுக்க முழுக்க இந்த மண்ணில் நான் நான்தான் என்று நிரூபிக்கச் செலவானது. இதில் ரயில் டிக்கெட் சேரவில்லை. வகுப்புக்குப் போகாத நாட்களுக்குப் பிடித்த சம்பளமும் சேரவில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடுமை தேதிகள். ஒரு காகிதம் வரும்போது இன்னொன்று காலாவதியாகிறது. போலீஸ் சான்றிதழை ஜனவரியிலேயே, முன்யோசனைக்காரி என்ற நினைப்பில், பாஸ்போர்ட் சேவை வழியாக 500 ரூபாய் கட்டி வாங்கிவிட்டேன். பட்டம் தயாராவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று ஷார்ஜாவிலிருந்து எழுதினார்கள். ஏப்ரலில் மறுபடி வாங்கினேன். அதற்குள் லேமினேஷன் விவகாரம். வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படமும் பழசாகிவிட்டதாம். ஆறு மாதத்தில் என் முகம் மாறியிருக்கக் கூடும் என்று சந்தேகப்படுகிறார்கள். மாறித்தான் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே பாருங்கள். நுழைவு அனுமதி வந்துவிட்டால் 60 நாளுக்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். அந்தக் கெடுவாவது எனக்குப் பயம் தரவில்லை, அது வந்த அன்றே கிளம்பிவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை பட்டத்தின் இரண்டாம் பிரதி கூரியரில் வந்தது. உறையைப் பிரிக்கும்போதே கணவர் ஸ்பெல்லிங்கைப் பார் என்றார். சரியாக இருந்தது. இனிஷியல் பின்னால்தான் இருக்கிறது, ஆனால் அதற்குத்தான் நோட்டரி உறுதிமொழி இருக்கிறதே. அன்றே ஏப்ரல் மாதத்துப் போலீஸ் சான்றிதழை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். மூன்று மாதம் முடிந்து நான்கு நாள்.

மூன்றாவது முறையாக 500 ரூபாய் கட்டினேன். நேற்று மாலை விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கோப்போடு போய் மர பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுத்தர் மேசையில் புதிதாக ஓர் இளம் காவலர் இருந்தார். எங்கேயோ பார்த்த முகம். என்னைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார், வகுப்பில் நிற்பதைப் போலவே.

"மிஸ், ஜனவரியிலேயே துபாய் போய்விட்டீர்கள் என்று சொன்னார்களே. இன்னும் போகவில்லையா?"

"ஷார்ஜா" என்றேன். வேறு என்ன சொல்வது?